உப்பு விடுற நேரம்

கொழும்பிலையிருந்து தில்ருக்சி அண்டைக்குக் காலமை கொக்குவில் ஆய்வுகூடத்திலை வந்து இறங்கினது ஒண்டும் விருந்து சாப்பிட இல்லை. சேந்து போட்ட ஆய்வுக் கட்டுரையிலையிருந்து தன்ரை பேரை எடுக்கிறதோ விடுறதோ எண்டு முடிவெடுக்கத்தான் வந்தவ. எடுத்தால், ஏன் எடுத்தனான் எண்டு சஞ்சிகைக்கும் எழுதுவாவாம். அப்பிடி எழுதினால் ஆய்வு மாணவி வினோஜாவின்ரை கலாநிதிப் பட்டம் போனது போனதுதான். பொய்ப்படம் காட்டினவள் எண்ட பேர் வேறை சாகுமட்டும் ஒட்டிக்கொண்டு திரியும்.

விசயம் இதுதான். வினோஜா ஒரு பெப்ரைட்டு உருவாக்கியிருந்தாள். இருபது அமினோ அமிலம் கோர்த்த ஒரு சின்ன மாலை. எதுக்குப் பக்கத்திலை எது வரவேணும் எண்டு கணினிக்கு முன்னாலை இருந்து வருசக்கணக்காய் மண்டையை உடைச்சவள். அந்தப் பெப்ரைட்டுப் பொடியைத் தண்ணியிலை கரைச்சு உப்புக் கரைசலை விட்டால், அந்த மாலையள் மடிஞ்சு, ஒண்டோடை ஒண்டு அடுக்கி, கண்ணுக்குத் தெரியாத நனோ நாராய் நீளும். நாரெல்லாம் இடியப்பம் மாதிரிச் சிக்கிப் பின்னித் தண்ணியைப் பிடிச்சு வைச்சுக்கொள்ளும். பாத்தால் வெறும் ஜெலிதான். ஆனால் சித்திரை வெயிலிலை பிறிஜ்ஜுக்கு வெளியிலை கிடந்தாலும் உருகாத ஜெலி. ஆறாத நீரிழிவுப் புண்ணுக்கு ஒரு நாளைக்கு மருந்தோடை பூசலாம் எண்டதுதான் அவளின்ரை கனவு.

கொக்குவிலிலை அது சோக்காய் இறுகிப் பிடிச்சுது. குப்பியைத் தலைகீழாய்க் கவிழ்த்தாலும் விழாது. படம் எடுத்து, கட்டுரை எழுதி, அனுப்பியும் ஆச்சு. அதே போத்தல் பொடியிலை பாதியைக் கொழும்பிலை தில்ருக்சியின்ரை ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, நீங்களும் ஒருக்கால் செய்து பாருங்கோ எண்டு கேட்டதுதான் வினை. அங்கை திரும்பத் திரும்பச் செய்தும் கஞ்சித்தண்ணிதான் வந்துது.

"அப்ப எனக்கு முன்னாலை செய்து காட்டுங்கோ," எண்டா தில்ருக்சி. திருகோணமலையிலை கொஞ்சக் காலம் படிப்பிச்சவ, தமிழ் நல்லாய்க் கதைப்பா. முகத்திலை சிரிப்பு மட்டும் மருந்துக்கும் இல்லை.

வினோஜா செய்தாள். கட்டுரையிலை எழுதினபடி, ஒரு சொல்லுப் பிசகாமல். பொடியை நிறுத்தாள், கரைச்சாள், உப்பை விட்டாள். குப்பிக்குள்ளை வெள்ளை வெள்ளையாய்த் திரைஞ்சுது. கவிழ்த்த உடனை முழுக்க மூடியிலை வந்து விழுந்துது. என்ன கோதாரி இது! அவளுக்குக் காதெல்லாம் சுட்டுது.

"இது எப்பவாவது பிடிச்சதோ, நங்கி?" எண்டு கேட்டா தில்ருக்சி.

"படம் இருக்கு."

"படம் இப்ப ஆரும் செய்யலாம்."

நங்கி எண்டு தங்கச்சி முறை வைச்சுத்தான் கூப்பிட்டா. குத்தினது என்னவோ குத்தினதுதான். மேற்பார்வை செய்யிற பேராசிரியர் கிறிஸ்துநாயகம் குப்பியை வாங்கி வெளிச்சத்திலை பிடிச்சுப் பாத்தார். பிறகு மெல்லச் சொன்னார், "பிள்ளை, நீர் எங்கையோ எதையோ விட்டிட்டீர். போய் வடிவாய் யோசியும்."

அவள் வெளியிலை போய்ப் பைப்படியிலை முகத்தைக் கழுவினாள். அழுகை வரேல்லை, ஆத்திரம்தான் வந்துது. கள்ளி மாதிரி நிக்க வைச்சுப்போட்டாளே உந்த மனுசி! அதே தண்ணி, அதே உப்பு, அதே பொடி. அந்த நாளையிலை வேறை என்ன செய்தனான்? ஜெலி பிடிச்ச நாள் எல்லாம் வெள்ளிக்கிழமை. தராசும் மேசையும் அவளுக்குக் கிடைக்கிறதே வெள்ளியிலைதான். உடுப்பிட்டியிலையிருந்து பஸ் பிடிச்சு வந்து, நிறுத்துக் கரைக்கப் பத்தரை ஆகிவிடும். பத்தரைக்கு...

ஐயோ. பத்தரைக்கு ராகுகாலம்.

பொடியைக் கரைக்கிறதை அவள் கணக்கிலை எடுக்கிறதில்லை. அது மரக்கறி வெட்டுற மாதிரி. உப்பு விடுறதுதான் அடுப்பு மூட்டுறது. தங்கத்தை விட விலை கூடின பொடி, அதிலை போய் ராகுகாலத்திலை ஆரும் உப்பு விடுவினமோ? குப்பியை மூடி வைச்சிட்டுப் போய்ப் பிளேன்ரீ குடிச்சு, ஆரோடையாவது அலட்டி, பன்ரண்டு அடிச்சாப்பிறகுதான் வந்து விடுவாள். ஒவ்வொரு தரமும் அப்பிடித்தான். ஒருத்தருக்கும் சொன்னதில்லை. அணு அணுவாய்க் கணக்குப் பாக்கிறவள் ராகுகாலமும் பாக்கிறாள் எண்டு தெரிஞ்சால் ஆய்வுகூடமே விழுந்து விழுந்து சிரிக்குமே! அந்த வெக்கத்திலை கட்டுரையிலையும் "கரைத்து உப்பு சேர்க்கப்பட்டது" எண்டு நைசாய் எழுதிப்போட்டாள். இண்டைக்குச் செவ்வாய்க்கிழமை. காலமை ராகுகாலம் இல்லை, உடனை விட்டிட்டாள்.

உள்ளுக்குப் போய், "சேர், இன்னொருக்கால் செய்யிறன். கரைச்சிட்டுக் கொஞ்ச நேரம் வைக்கவேணும்," எண்டாள். பொடியைக் கரைச்சுக் குப்பியை மூடி வைச்சாள். மூண்டு பேரும் கதிரையிலை குந்திக்கொண்டு ஒன்றரை மணித்தியாலம் அந்தக் குப்பியைப் பாத்துக்கொண்டு இருந்திச்சினம்.

உப்பை விட்டாள். பொறுத்துக் கவிழ்த்தாள். ஜெலி அசையேல்லை. கண்ணாடி மாதிரி மேலை ஒட்டிக்கொண்டு நிண்டுது. பேராசிரியர் சின்னப் பெடியன் மாதிரிக் கையைத் தட்டினார்.

தில்ருக்சி தட்டேல்லை. "ஒன்றரை மணித்தியாலம் எண்டு எப்பிடித் தெரியும்? அரை மணித்தியாலம், மூண்டு மணித்தியாலம் எல்லாம் செய்து பாத்தனீங்களோ? அந்தத் தரவு எங்கை?"

"ஓம், பாத்தனான்" எண்ட சொல்லு வினோஜாவின்ரை நாக்கு நுனி வரைக்கும் வந்திட்டுது. சொன்னால் தரவு காட்டவேணும். தரவு காட்டக் களவு செய்யவேணும். எந்தப் பழியைத் துடைக்க இவ்வளவு பாடுபடுறாளோ, அதையே தானாய்த் தலையிலை தூக்கி வைக்கிற வேலை.

"ராகுகாலம்," எண்டாள். பிறகு நிலத்தைப் பாத்துக்கொண்டு முழுக்கச் சொன்னாள்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழட்டினார். "இருபது அமிலத்தையும் கணினியிலை கோர்த்த ஆள், கலண்டரைப் பாத்தோ உப்பு விட்டனீர்?"

தில்ருக்சி சிரிக்கேல்லை. அவவின்ரை முகம் சாடையாய்ச் சிவந்துது. "நாங்களும் பாக்கிறனாங்கள்," எண்டா. "எங்கடை ஆக்கள் ராகுகாலம் முடியாமல் பொடியிலையே கை வைக்க மாட்டினம். முடிஞ்சாப்பிறகு நிறுத்து, கரைச்சு, ஒரே மூச்சிலை உப்பை விட்டிடுவினம்."

"கர்த்தரே!" எண்டு நெத்தியிலை அடிச்சார் கிறிஸ்துநாயகம். "ரெண்டு பக்கமும் ஒரே ராகு!"

அதோடை சிரிச்சுச் சமாளிச்சிருக்கலாம். தில்ருக்சி விடேல்லை. "கரைசலைப் பொறுக்க விட்டால் மாலையள் ஆறுதலாய்க் கூடிச் சின்னச் சின்ன நாராய்த் துவங்கும், உடனை உப்பு விட்டால் அந்தரப்பட்டுக் கட்டி பட்டுப்போகும் எண்டது இப்ப விளங்குது. ஆனால் பிடிச்ச ஜெலி எல்லாம் ராகுகாலத்துக்கு வெளியிலை பிடிச்சது. பொறுத்ததாலையோ, நல்ல நேரத்தாலையோ? என்ரை பேர் கட்டுரையிலை நிக்கவேணுமெண்டால், பொறுக்க விட்டு, ராகுகாலத்துக்குள்ளை உப்பு விட்டதும் ஒண்டு வேணும்," எண்டா. செவ்வாயிலை மூண்டிலையிருந்து நாலரை வரைக்கும் ராகுகாலம். நேரமும் தோதாய்த்தான் கிடந்துது.

போத்தலிலை கடைசிச் சிட்டிகைப் பொடி. வினோஜா கரைச்சு வைச்சாள். மூண்டரை ஆக, பிப்பெற்றுக் குழாயை எடுத்தவள் உப்பை விடாமல் திரும்ப மேசையிலை வைச்சாள். அம்மா கண்டால் நெஞ்சிலை அடிச்சுக்கொள்ளுவா. விசர்ப் பயம், கண்டறியாத பயம் எண்டு தன்னைத்தானே பேசினாள். திரும்ப எடுத்தாள், திரும்ப வைச்சாள். தில்ருக்சியைப் பாத்தாள்.

"நான் தொடமாட்டன்," எண்டு அவ ரெண்டடி பின்னுக்குப் போனா.

"இஞ்சை கொண்டாரும்," எண்டார் பேராசிரியர். "நான் சேர்ச்சுக்குப் போற வேதக்காரன், எனக்கும் ராகுவுக்கும் ஒரு கொடுக்கல் வாங்கலும் இல்லை. பிடிக்காட்டி அவரின்ரை பேரையும் கட்டுரையிலை போடுவம்."

"இல்லை சேர். என்ரை பேர்தான் முதல் பேர். நான்தான் விடவேணும்."

பல்லைக் கடிச்சுக்கொண்டு விட்டாள். பொறுத்திருந்தாள். கவிழ்த்தாள்.

ஜெலி நிண்டுது. ஆடக்கூட இல்லை.

தில்ருக்சி வந்து குப்பியைக் கையிலை வாங்கினா. தானும் ஒருக்கால் கவிழ்த்துப் பாத்தா, நிமித்தித் திரும்பவும் கவிழ்த்தா. பிறகு வினோஜாவின்ரை தோளிலை கையை வைச்சா.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ, நங்கி. நான் உங்களைப் பொய்க்காரி எண்டு நினைச்சிட்டன்."

அப்பதான் வினோஜாவுக்கு அழுகை வந்துது. "பொய் படத்திலை இல்லை அக்கா," எண்டாள். "எழுதினதிலை இருந்தது."

அவள் கண்ணைத் துடைச்சுக்கொண்டு போய்க் கணினியைத் திறந்து, கட்டுரையைத் திருத்தி எழுதத் திருப்பித் தரச்சொல்லிச் சஞ்சிகைக்கு எழுதத் துவங்கினாள்.