லேபிள் இல்லாத டின்

அந்தக் கட்டடத்தில் யார் வீட்டில் என்ன வேகிறது என்பது, அடுப்புக்குத் தெரிவதற்கு முன்பே தரைத்தளத்துத் தையலக்காவுக்குத் தெரிந்துவிடும். அவள் வீட்டில் என்ன வேகிறது என்பதுதான் ஒருவருக்கும் தெரியாது. பாதி நாள் அங்கே ஒன்றும் வேகாது. டின்தான்.

அவள் நாத்தனாருக்கு டின்னில் சாப்பாடு அடைக்கும் தொழிற்சாலையில் வேலை. நசுங்கிய டின்களை லேபிள் ஒட்டுவதற்கு முன்பே ஒதுக்கி, வேலையாட்களுக்குச் சும்மா கொடுத்துவிடுவார்கள். உள்ளே மீனா, பட்டாணியா, அன்னாசியா, திறந்தால்தான் தெரியும். அதனால் அந்த வீட்டில் யார் டின்னை எடுத்தாலும் முதலில் காதோரம் வைத்து ஒரு குலுக்கு. பட்டாணி கலகலக்கும், அன்னாசி சளசளக்கும், மீன் கம்மென்று கிடக்கும். தப்பாகச் சொன்னவர் பாத்திரம் கழுவ வேண்டும்.

இதை வெளியே சொல்ல முடியுமா? மூன்றாம் மாடியில் ‘அன்னன்னைக்கு’ என்று ஒரு கூட்டம் கிளம்பியிருந்தது. காலையில் வாங்கியதை மாலைக்குள் தின்றுவிட வேண்டும். நேற்றைய கீரை குப்பை, டின் என்றால் விஷம். தலைவி பல் டாக்டரம்மா. போன வருஷம் இதே பெண்மணிகள் வேகாத காயாகத் தேடித் தேடி மென்று, தாடை வலியோடு அவளிடமே போய் நின்றது தனிக்கதை. இத்தனை நாளும் அளவு டேப்போடு நின்றுகொண்டிருந்த வீடுகளில் தையலக்காவை இப்போதுதான் சோபாவில் உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். டின் விஷயம் தெரிந்தால் மறுபடி நிற்க வேண்டியதுதான். ஆகவே காலி டின்களை வெட்டுத்துணியில் சுற்றி, பஸ் ஸ்டாப் குப்பைத்தொட்டி வரை சுமந்து போய்ப் போட்டு வந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டாக்டரம்மா வீட்டில் கூட்டத்தின் மதியச் சாப்பாடு. வெளிநாடு போய்த் திரும்பிய வக்கீல் மனைவி, கைப்பையிலிருந்து ஒரு டின்னை எடுத்து மேஜையில் வைத்தாள். மேலே கண்ணைத் திறந்து முறைக்கும் மீன் படம்.

“ஏழு வருஷத்துப் பழசு. அங்கெல்லாம் பெரிய மனுஷங்க இதைத்தான் சாப்பிடுறாங்க. வயசாக வயசாக ருசி ஏறுமாம்.”

“டின்னாச்சே!” என்றாள் ஒருத்தி.

“டின் வேற, டின்ல வர்றது வேற” என்றாள் வக்கீல் மனைவி. மற்றவர்கள் புரிந்ததுபோல் தலையாட்டினார்கள்.

டின் கைமாறியது. ஒருத்தி முகர்ந்தாள், ஒருத்தி படத்தைத் தடவினாள். டாக்டரம்மா வாங்கினாள், காதோரம் கொண்டுபோனாள், லேசாக ஒரு குலுக்கு. அடுத்தவளிடம் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

தையலக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மீன் என்று படமே போட்டிருக்கும்போது ஒரு பல் டாக்டர் எதற்காகக் குலுக்கிக் கேட்க வேண்டும்? கேட்காவிட்டால் மண்டை வெடித்துவிடும். உதவிக்குப் போகிற சாக்கில் பின்னாலேயே போனாள்.

“டாக்டரம்மா, அந்த டின்ல மீன் படம் பெருசா இருந்துச்சில்ல?”

“ஆமா, அதுக்கென்ன?”

“இல்ல, காதுல வச்சுக் கேட்டீங்களே, என்ன கேட்டுச்சுன்னு…”

வெள்ளரிக்காய் நறுக்கிய கை நின்றது. “குலுக்கினா என்னமோ கேக்கும்னு உங்களுக்கு யாரு சொன்னது?”

தூண்டில் போட்டவள் தொண்டையிலேயே முள் குத்தியது. “நாத்தனார்… டின் கம்பெனில…” என்று இழுத்தாள்.

“எந்த செக்‌ஷன்?”

“மூடி போடுற இடம்.”

“எங்கம்மா பேக்கிங்” என்றாள் டாக்டரம்மா, கதவை ஒருக்களித்துச் சாத்தியபடி. “அம்மாவுக்கு நைட் ஷிப்ட். நானும் தங்கச்சியும் டின்னைத் திறந்து சாப்பிட்டுட்டுப் படிப்போம். அடுப்பைக் கட்டிட்டு அழுதிருந்தா நான் எங்க பரீட்சை எழுதறது? அது பாட்டுக்கு அலமாரில உக்காந்திருக்கும். எப்ப போனாலும் கோவிச்சுக்காது.”

“அப்புறம் ஏம்மா விஷம்னு சொல்றீங்க?”

“கல்யாணமான புதுசுல மாமியார் டின்னைப் பாத்து மூஞ்சியச் சுளிச்சாங்க. நானும் கூடச் சுளிச்சேன். அப்படியே நின்னுபோச்சு.” அவள் தையலக்காவின் கையைப் பிடித்தாள். “வெளிய சொல்லிடுவீங்களா?”

தையலக்காவுக்கு நாக்கு அரித்தது. பதில் சொல்வதற்குள் கூடத்திலிருந்து வக்கீல் மனைவியின் குரல் வந்தது.

“டாக்டரம்மா! அந்த டின்னை ஏன் குலுக்கினீங்க? அப்பவே கேக்கணும்னு நினைச்சேன்.”

இருவரும் வெளியே வந்தார்கள். ஊரார் வாயையெல்லாம் திறக்கச் சொல்பவள் வாய் திறக்காமல் நின்றாள். அத்தனை கண்களும் அவள்மேல்.

“இதுகூடத் தெரியாதா?” என்றாள் தையலக்கா. “பழைய டின்னைக் குலுக்காம திறக்கலாமா? எண்ணெய் அடியில தங்கிடும்ல. காதுல வச்சுக் கேட்டாத்தான் கலந்துச்சா இல்லையான்னு தெரியும்.”

“கடைக்காரர் அப்படி ஒண்ணும் சொல்லலையே…”

“எல்லார்கிட்டயுமா சொல்லுவாங்க?”

வக்கீல் மனைவி ஒரு கணம் விழித்தாள். “ஆமா, ஆமா, சொன்னாரு. நான்தான் மறந்துட்டேன்” என்று சொல்லி, டின்னை எடுத்துக் காதோரம் வைத்துக் கண்ணை மூடிக் குலுக்கினாள். பிறகு வரிசையாக எல்லோரும்.

சில வாரங்களில் மாடிக்கு மாடி அலமாரிகளில் படம் போட்ட டின்கள் ஏறின. விருந்தாளி வந்தால் முதலில் குலுக்கல், பிறகுதான் சாப்பாடு. தையலக்காவின் சோபா இடம் அப்படியே இருந்தது. ஆனால் வாழ்நாளில் கிடைத்த ஆகப்பெரிய சேதியை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு அவள் பட்ட பாடு இருக்கிறதே! தையல் மெஷினை மிதித்து மிதித்துப் பார்த்தாள், அடங்கவில்லை.

லிஃப்டில் இரண்டாம் மாடிக்காரி வழக்கம்போல் விலாவில் இடித்தாள். “டாக்டரம்மா வீட்ல என்னக்கா சேதி?”

“ஒண்ணுமில்ல.”

இரண்டாம் மாடிக்காரி பயந்துபோய் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.