மூட்டைத் துணிக் கடல்

பங்சவான் என்னும் மலாய் நாடகக் கொட்டகையிலிருந்து வெளுக்க வந்த மூட்டையை நவமணிதான் அவிழ்த்தாள். ராஜா வேஷத்துச் சட்டைகளும் தோழிமார் பாவாடைகளும் சரிந்து விழுந்த பிறகு, அவற்றைச் சுற்றிக் கட்டியிருந்த துணி மட்டும் தரையில் விரிந்து கிடந்தது. அதன் உள்பக்கத்தில் ஒரு கடல் இருந்தது.

வரைந்த கடல்தான். ஓரமெல்லாம் எலி கடித்த பழைய திரைச்சீலைத் துண்டு. மேலே நிலா. கீழே ஒரே ஒரு பாய்க்கப்பல். நவமணி கடலைப் பார்க்காதவள் இல்லை. வெளுத்த துணி சுமந்து துறைமுகப் பக்கம் எத்தனையோ தடவை போயிருக்கிறாள். ஆனால் தலையில் சுமையோடு நின்று கடல் பார்க்க யாரால் முடியும்? இந்தக் கடல் அவள் காலடிக்கே வந்து கிடந்தது.

"ஏண்டி, பேயறஞ்ச மாதிரி நிக்கிறே? அதையும் தூக்கிச் சலவைச் சோடாத் தண்ணியில போடு" என்றாள் அம்மா வள்ளியம்மா.

ஆயர் ஈத்தாம் ஆற்றோரத்து டோபிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்தத் துணியில் மூட்டை கட்டி வந்ததோ, அதையும் வெளுத்துத்தான் திருப்பிக் கொடுப்பார்கள். "கட்டுற துணி அழுக்கா இருந்தா உள்ள இருக்கிற வெளுப்பை எவன் நம்புவான்?" என்பார் அப்பா பிச்சைமுத்து. அந்தப் பேச்சுக்காகவே அவரிடம் துணி போடுகிறவர்கள் இருந்தார்கள்.

நவமணி ஈர விரலால் நிலாவின் ஓரத்தை லேசாகத் தொட்டாள். நிலா விரலோடு வந்துவிட்டது. பசையில் குழைத்த வண்ணம். தண்ணீர் பட்டால் தங்காது.

அவள் துணியை அவசரமாக மடித்தாள். எங்கே ஒளிப்பதென்று தெரியவில்லை. காய்ந்து கிடந்த ஒரு சலவைக்கல் மேல் வைத்து, அதன்மேல் தானே உட்கார்ந்துகொண்டாள்.

"எந்திரிடி!"

எழுந்திருக்கவில்லை. அம்மாவுக்குக் கை ஒத்தாசை வேண்டுமென்று பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியபோதுகூட மறுபேச்சுப் பேசாத பெண். 'ம்' என்பதற்கு மேல் அவள் வாயிலிருந்து ஒரு சொல் வந்தால் அதிசயம். 

அடுத்த கல்லில் துவைத்துக்கொண்டிருந்த சுப்பையா சிரித்தார். "என்னா அண்ணே, ஒங்க மக அடைகாக்குதா? குஞ்சு பொரிச்சா எனக்கு ஒண்ணு குடுங்க லா!"

இடுப்பளவு தண்ணீரில் நின்ற பிச்சைமுத்து கரையேறி வந்தார். "என்ன தாயி?"

"இது... அழுக்கு இல்லப்பா."

"பின்ன?"

அவள் எழுந்து துணியை விரித்துக் காட்டினாள். கப்பலின் புடைத்த பாயைச் சுட்டிக்காட்டி, "இதுல காத்து அடிக்குதுப்பா" என்றாள்.

பிச்சைமுத்துவின் கைகளில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. துணிமேல் படாமலிருக்க அவர் அவற்றை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அடிக்குதுதான்" என்றார்.

"நல்ல அப்பன், நல்ல மக! வெளுக்காமக் குடுத்தா நாளைக்கு எவன் துணி போடுவான்?" என்று வள்ளியம்மா அரற்றினாள். அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு கடலை மடித்தார்.

வெளுத்துத் தேய்த்த உடைகளைத் தங்கள் வீட்டு வெள்ளைத் துணியொன்றில் கட்டி, கடலை அதன்மேல் மடித்து வைத்து, இருவரும் கொட்டகைக்குப் போனார்கள். உடைகளுக்குப் பொறுப்பான ஆசியா பீவி மேல்துணியை உதறிப் பார்த்தாள்.

"என்ன பிச்சைமுத்து, மூட்டைத் துணி வந்த மாதிரியே வந்திருக்கு? கறை போகலையா? வயசாயிருச்சா ஒனக்கு?"

அப்பாவின் காது சிவப்பதை நவமணி பார்த்தாள். அவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை.

"வெளுக்கலைம்மா. வெளுத்தா கடல் போயிரும்."

"அல்லா! இது பழைய சீன் படுதா லா. கிழிஞ்சு போச்சுன்னுதான் மூட்டை கட்டப் போட்டேன்." ஆசியா பீவி சிரித்தபடியே கடலைத் தரையில் விரித்து, அடுத்துச் சலவைக்குப் போகவேண்டிய அழுக்குத் துணிகளை அதன்மேல் எறியத் தொடங்கினாள். முகப்பூச்சு அப்பிய ஒரு துண்டு கப்பலின்மேல் விழுந்தது.

"அக்கா!"

கொட்டகையே திரும்பிப் பார்ப்பதுபோல் நவமணிக்குத் தோன்றியது. சத்தம் தன்னுடையதுதான் என்று நம்பமுடியவில்லை. குனிந்து அந்தத் துண்டை எடுத்துவிட்டு, தங்கள் வெள்ளைத் துணியை நீட்டினாள். "இதுல கட்டுங்க. இதை நீங்களே வச்சிக்கிங்க."

"அப்ப அது?"

"அது எனக்கு."

ஆசியா பீவி வெள்ளைத் துணியைத் தடவிப் பார்த்தாள். பிறகு அவளையும் பார்த்தாள். "புதுசு மாதிரி இருக்கிறதைக் குடுத்துட்டுக் கந்தல் வாங்குற டோபி மகளை இப்பத்தான் பாக்குறேன். கொண்டு போ, புள்ள. மழையில நனைச்சிறாதே."

வழியெல்லாம் அப்பா வானத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தார். அன்று மழை வரவில்லை.

வீட்டில் துணி தேய்க்கும் பக்கத்துச் சுவரில் அவர் ஆணி அடிக்கப் போனபோது வள்ளியம்மா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"அங்கேயா? வெள்ளாவி ஆவி நேரா அங்கதான் வரும். ரெண்டே நாள்ல வெறுந்துணி ஆயிரும்."

"வேற காஞ்ச சுவரு ஏது?"

அவள் உள்ளே போனாள். சாமி படங்கள் மாட்டியிருந்த சுவரில், முருகனைக் கழற்றி முந்தானையால் துடைத்து, ஒரு முழம் தள்ளி மாட்டினாள்.

"நகந்துக்கிட்டாரு. கொண்டாங்க" என்றாள்.