இரண்டு கரன்ட்டுக்கும் ஓடும் மெஷின்

"அடாப்டர் வாங்கியாச்சு. எந்த நாட்டுச் சுவர்லயும் மாட்டலாம். நான்தான் கூட வரேன்ல?" என்று பெட்டி கட்டும்போதே சவடால் விட்டார் என் வீட்டுக்காரர். தொழில் எலக்ட்ரீஷியன். தனியாக அனுப்ப மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்று, உதவியாள் என்ற பெயரில் ஒட்டிக்கொண்டு வந்தவர்.

பதினோரு வருஷம் ஒரு பார்லரில் முதலாளியம்மாவுக்குக் கிளிப் எடுத்துக் கொடுத்தே என் காலம் போனது. வெளிநாட்டில் நடக்கும் இந்தக் கல்யாணம்தான் நானாகப் பிடித்த முதல் வேலை. அலங்காரம் பிடித்துவிட்டால் அடுத்த இரண்டு கல்யாணமும் எனக்கே என்று மணப்பெண்ணின் பெரியம்மா சொல்லியிருந்தார். அப்புறம் அந்த முதலாளியம்மா முகத்தில் விழிக்கவே வேண்டாம்.

ஓட்டல் அறையில் பெண்ணை உட்கார வைத்து, முடி சுருட்டும் கர்லரை அடாப்டரில் செருகினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. முடியைச் சுற்றினேன், பத்து எண்ணினேன், விட்டேன். சுருளாமல் அப்படியே நேராகத் தொங்கியது. கம்பியைத் தொட்டுப் பார்த்தேன். ஆறிப்போன காபி மாதிரி இருந்தது.

"என்னங்க, சூடே ஏறல?"

"இங்க கரன்ட்டு நம்ம வீட்டுல வர்றதுல பாதிதான். அடாப்டர் பின்னைத்தான் மாத்தும், கரன்ட்டை மாத்தாது."

"அதை இப்பதான் சொல்றீங்களா?"

"உன் மெஷின் ரெண்டுக்கும் ஓடும்னு நீதான சொன்ன?"

சொன்னேன்தான். அதற்காகவே தேடி வாங்கிய மெஷின். கைப்பிடியில் ஒரு குட்டி சுவிட்ச் உண்டு, அதைத் தள்ளினால் போதும். நகத்தால் தள்ளினேன், நகரவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சுற்றிலும் பசை இறுகிக் கிடந்தது.

"யாரு இதுல பசை போட்டது?"

அவர் சுவரைப் பார்த்தார்.

"உங்களைத்தான் கேக்குறேன்!"

"போன மாசம் நான்தான் போட்டேன். கை பட்டு மாறிட்டா வீட்டு கரன்ட்டுல புகைஞ்சிடுமேன்னு... பத்திரத்துக்குத்தான்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா வாயில இருக்குற முத்து உதிர்ந்திடுமா?"

"கத்தாத. ஆளுங்க இருக்காங்க."

கத்தியை எடுத்து அவரே சுரண்டினார். சுவிட்ச் உடைந்து கையோடு வந்தது. அந்தக் கையை உடைத்துப் போடலாம் போல எனக்கு ஆத்திரம்.

எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த பெரியம்மா யாருக்கோ போன் போட்டார். அரை மணி நேரத்தில் அந்த ஊர்க்காரி ஒருத்தி தன் மெஷினோடு வந்தாள். பெண்ணின் முடி அவள் கையில் அலை அலையாகச் சுருண்டது. பின்பக்கம் திரும்பாமலே என்னை நோக்கிக் கையை நீட்டினாள்.

"கிளிப் கேக்குறாங்க, எடுத்துக் குடும்மா," என்றார் பெரியம்மா.

கொடுத்தேன். என் பெட்டி, என் கிளிப்.

"விடு, அடுத்த தடவை பாத்துக்கலாம்," என்று என் வீட்டுக்காரர் காதோரம் வந்து சொன்னார்.

"நீங்க கூட வந்தீங்கன்னா எனக்கு அடுத்த தடவை கிடையாதுங்க," என்றேன், அறையில் எல்லோருக்கும் கேட்கும்படி.

அவள் மறுபடி கையை நீட்டினாள். இன்னொரு கிளிப்பை எடுத்து அதில் வைத்தேன்.