றமீஸா பூக்க வைத்த கள்ளி

அக்குறணையில் நானா ஹபீலின் ஹாட்வெயார் கடைக்கு மேலேதான் வீடு. அதன் மொட்டை மாடியில் றமீஸா கள்ளிச்செடிகள் வளர்த்தாள். அவளுக்குக் கலியாணம் ஆகவில்லை. வாப்பாவும் உம்மாவும் மவுத்தாகி அடக்கமான பிறகு, கூடப்பிறந்த நானாவின் குடும்பத்தோடு இருந்தாள். அவளை யாரும் கடிந்து பேசியதில்லை. அதிகமாகப் பேசியதும் இல்லை.

கண்டி மழை கள்ளிக்கு ஆகாது. வேரில் ஈரம் நின்றால் அடி அழுகிவிடும். வெளிச்சம் புகும் தகடுகளால் கூரை போட்டு, ஆற்று மணலும் செங்கல் தூளும் கலந்த மண்ணில் வளர்த்தாள். ஒருமுறை வெள்ளைப் பூவின் சூல்முடியில் சிவப்புப் பூவின் மகரந்தத்தைத் தூரிகையால் தொட்டு வைத்தாள். காய் வெடித்து, விதை முளைத்து, கடுகளவு பச்சை உருண்டை கைப்பிடி அளவாக வளர்வதற்குள் வருடங்கள் போய்விட்டன.

மகனின் கலியாணத்துக்காக மாடியில் அறைகள் கட்டப் போவதாக ஹபீல் சொன்னார். செடிகளை வீட்டுக்குப் பின்னால், பின்வளவில் வைக்கலாமாம். அங்கே வெயிலே விழாது. றமீஸா மாடிக்கு ஏறித் தொட்டிகளை எண்ணினாள்.

சம்பந்தம் பேச வீட்டில் மற்ற எல்லோரும் தெல்தெனியவுக்குப் போன காலையில்தான் அந்தக் கள்ளி முதன்முதலாகப் பூத்தது. தாய்ச்செடியின் வெள்ளையும் இல்லை, மற்றதன் சிவப்பும் இல்லை. மறுநாளைக்கு இருக்காத பூ. மதினிக்குப் போன் எடுத்தாள். வேலையாக இருப்பதாகவும் போட்டோ அனுப்பும்படியும் சொல்லி மதினி வைத்துவிட்டாள்.

றமீஸா தொட்டியை அட்டைப்பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். தாய்ச்செடியை அவளுக்கு விற்ற பாயிஸின் வீடு பேராதனையில் இருந்தது. கதவைத் திறந்த அவருடைய மனைவி உம்மு குல்சும், இரத்தத்தில் சீனி கூடும் வருத்தத்தில் அவருக்கு இரண்டு கண்ணும் போய்விட்டதென்று தணிந்த குரலில் சொன்னாள். திரும்பிவிடலாமா என்று றமீஸா நின்றபோது, உள்ளே கதிரையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் யாரென்று கேட்டார். விவரத்தைச் சொன்னாள்.

"பூவ மடியில வைங்க, தங்கச்சி. எது தாய்?"

"உங்கட்ட வாங்கின வெள்ளை."

அவர் விரல்நுனியால் இதழ்களை ஒவ்வொன்றாகத் தடவினார்.

"நிறத்தச் சொல்லுங்க."

"உள்ளுக்குப் பப்பாசிப் பழம் மாதிரி. ஓரத்தில மட்டும் பீட்ரூட் சாயம் பட்டாப் போல ஈக்குது."

இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னாள். பிறகு விதை முளைத்ததை, அழுகிப்போன நாற்றுகளை, தூரிகை பிடித்த விதத்தை எல்லாம் கேட்டார். பேசிப் பேசி அவளுடைய தொண்டை கட்டிக்கொண்டது. இத்தனை காலமும் இதை யாரும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

திரும்பும் பஸ்ஸில் பூ சோர்ந்து சாய்ந்தது. பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து, தனியாகச் சாப்பிட்டாள். சம்பந்தம் சரிவந்த சந்தோசத்தோடு எல்லோரும் வந்தார்கள். மதினி போட்டோவைக் கேட்கவில்லை.

"நானா, செடிகள நான் பேராதனைக்குக் கொண்டு போறேன். செடி வித்த பாயிஸ் நானாட வளவில வெயில் ஈக்குது, அவரும் வைக்கச் சொன்னார்" என்றாள் றமீஸா.

ஹபீல் கடை லொறியை எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

மாடியில் அறைகள் எழும்பின. புது மருமகளின் சிரிப்புச் சத்தம் கீழே வரைக்கும் கேட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் றமீஸா பேராதனைக்குப் போய், மொட்டு விட்ட செடிகளைப் பாயிஸின் மடியில் வைத்து நிறம் சொன்னாள். மற்ற நாட்களில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அங்கே மழை பெய்கிறதோ என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.