கறிவேப்பிலைச் சாட்சி

1

இந்தக் கதை எனக்கு ஒரு சாப்பாட்டு டின்னிலிருந்து கிடைத்தது. பலாபத்வலையில் ஏறி மாத்தளைக்கு வந்த பஸ்ஸில் அதை மடியில் வைத்திருந்தவள் மரிய கொறற்றி. வருஷம் 1998, இலங்கையில் யுத்த காலம். முதலில் இப்படித் தொடங்கினேன்: "மிளகு மணக்கும் அந்தக் காலைப் பொழுதில்—" அடித்துவிட்டேன். வயிறு எரியும்போது மணம் ஒரு கேடா?

2

நடந்தது இதுதான். அவள் புருஷன் கபிரியேல் வீடுவீடாக மிளகு வாங்கி விற்பவர். நடராஜா முதலாளி மிளகை லொறியில் ஏற்றிக்கொண்டு நாற்பத்தெட்டாயிரத்துக்குச் செக் கொடுத்தார். செக் திரும்பியது. கபிரியேல் வழக்குப் போட்டார். கோர்ட்டில் வழக்கைக் கூப்பிடும் முதல் தவணைக்கு முன்பே, ஜீப்பில் வந்த ராணுவத்தினர் "விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம்" என்று அவரைக் கொண்டுபோனார்கள். ஏழு மாதமாக அப்படி என்னதான் விசாரிக்கிறார்களோ!

அவரை வெளியே எடுக்க லோயருக்குக் காசு வேண்டும். காசு வேண்டுமென்றால் செக் வழக்கில் வெல்ல வேண்டும். வெல்ல வேண்டுமென்றால் அவர் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்ல வேண்டும். (கதைக்காக முடிச்சுப் போட்டேன் என்பீர்கள். இவ்வளவு கேவலமான முடிச்சு எனக்குப் போடத் தெரியாது.)

3

நடராஜாவை ராட்சசனாக எழுதிப் பார்த்தேன். சரிவரவில்லை. கோர்ட் வாசலில் அவர் கொறற்றிக்குக் கிரீம் சோடா வாங்கிக் கொடுக்கிறார்.

"தங்கச்சி, கபிரியேலு வந்து கேக்கட்டும். குடுக்காம எங்க போயிறப் போறேன்?"

"அவரு வர முடியாதுன்னு தெரிஞ்சுதானே முதலாளி இப்புடிப் பேசுறீங்க?"

சோடாவை அவள் தொடவில்லை.*

* ஒரு வரைவில் அதை அவர் தலையில் ஊற்ற வைத்தேன். என் ஆத்திரம்தான் தீர்ந்தது, அவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

4

கபிரியேலைக் கொண்டுவரச் சொல்லி ராணுவ முகாமுக்குக் கோர்ட் எழுதியது. முகாமிலிருந்து பதில் வந்தது: அப்படி ஒருவர் எங்களிடம் இல்லை.

இல்லையாம்! வியாழன்தோறும் அதே முகாம் வாசலில் சோற்று டின்னை வாங்கிக்கொண்டு போகிறார்கள், கொறற்றி வெயிலில் காத்திருக்க, வெறும் டின்னைத் திருப்பித் தருகிறார்கள். கபிரியேலுக்குக் கறிவேப்பிலை ஆகாது. ஒவ்வொன்றாகப் பொறுக்கி டின் மூடியின் ஓரத்தில் வரிசையாக ஒட்டிவைப்பார். கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் இதற்குத்தான் சண்டை. இப்போது அவள் வேண்டுமென்றே கைநிறையப் போடுகிறாள். டின் வந்ததும் முதலில் மூடியைத்தான் பார்ப்பாள். நேற்றுப் பதினொரு இலை.

5

முடிவு ஒன்று: கபிரியேல் விடுதலையாகி, கோர்ட்டுக்குள் நடந்து— எழுத ஆசைதான், கை வரவில்லை.

முடிவு இரண்டு: நடராஜா மனம் மாறி— சும்மா இருங்கள்.

இன்று கடைசித் தவணை. முறைப்பாட்டுக்காரரின் பெயரை மூன்று தடவை கூப்பிடுவார்கள். ஆள் இல்லையென்றால் வழக்குத் தள்ளுபடி.

"கபிரியேல்!"

"கபிரியேல்!"

கொறற்றி எழுந்தாள். கழுவாத டின்னின் மூடியைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள்.

"ஐயா, இருக்காருங்க! இந்தா பாருங்க, நேத்து அவரு ஒதுக்கி வச்சதுங்க. அவங்ககிட்டதான் இருக்காரு!"

அதை நீதவானுக்குச் சிங்களத்தில் சொல்ல வேண்டிய கோர்ட் மொழிபெயர்ப்பாளர் தலை குனிந்துகொண்டார். அவளே அதைச் சிங்களத்தில் திருப்பிச் சொன்னாள்.

இதற்கு மேல் நான் எழுத மாட்டேன். தள்ளுபடி என்று என் கையால் எழுத மனமில்லை. வென்றாள் என்று எழுதினால் பொய். மூன்றாவது தடவை இன்னும் கூப்பிடவில்லை. அந்த மூடியை இப்போது நீங்களும் பார்த்துவிட்டீர்கள். பெயரைக் கூப்பிடும்போது சும்மா உட்கார்ந்திருக்கப் போகிறீர்களா?