இடது மூலையில் ஒரு பூ

லேஸ் மேசைவிரிப்பின் நடுவில் இருந்த சிங்கத்தை லூட்கார்ட் திரையில் இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினாள். கையால் பின்னினால் இழை அங்கங்கே தடுமாறும். இதுவோ ஒரே சீராகப் போனது. சுற்றியுள்ள பூக்களெல்லாம் அசல் கைவேலை. நடுச் சிங்கம் மட்டும் எந்திரத்தில் வந்த கடைச் சரக்கு.

பெல்ஜியத்தின் புரூஜ் நகர அருங்காட்சியகத்தில் உள்ள முதல் உலகப் போர்க்கால லேஸ்களைப் படமெடுத்து இணையத்தில் ஏற்றும் தொண்டர்களில் அவளும் ஒருத்தி. இந்த மேசைவிரிப்பைக் கொடுத்ததே அவள் அப்பா ஆகீல்தான். 'ஜெர்மன் பிடியில் ஊர் இருந்த 1917இல் சிடோனி தன் கையாலேயே பின்னியது' என்று பலகைகூட வைத்திருக்கிறார்கள். சிடோனி அப்பாவின் அத்தை. தாயில்லாத அவரை வளர்த்து ஆளாக்கியவள்.

"என்ன லூட்கார்ட், ஒரு துண்டுக்கு ஒரு மணி நேரமா? உங்க வீட்டுதுன்னா தனிக் கவனிப்போ?" என்றான் தொண்டர்களை மேய்க்கும் வானஸ்.

"கண்ணு எரியுது வானஸ். வேற ஒண்ணுமில்ல."

உலகமே உற்றுப் பார்க்கும். சிடோனி ஏமாற்றினாள் என்பார்கள். யார் வைத்த சிங்கமோ, ஏன் வைத்ததோ, கேட்கவும் ஆளில்லை. லூட்கார்ட் படத்தைச் சுருக்கினாள். பெரிதாக்கினால் கலங்கிப்போகும் அளவுக்குச் சுருக்கி ஏற்றினாள். திருட்டுத்தனம்தான். ஆனாலும் செத்தவளை ஊர் வாயில் போட அவளுக்கு மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதியோர் இல்லத்தில், காபி ஆறிப்போவதுகூடத் தெரியாமல் அப்பா டேப்லெட்டில் அந்தப் படத்தை விரலால் விரித்துக்கொண்டே இருந்தார்.

"என்னம்மா இது, எல்லாம் மொழுக்குன்னு இருக்கு? இடது மூலையைக் காட்டு."

"அங்க என்னப்பா?"

"ஈசர் ஆத்தங்கரைப் போர்முனையில அவங்க மூத்த அண்ணன், என் பெரியப்பா, செத்துட்டாருன்னு சேதி வந்த அன்னிக்கு, ஒரு பூவுல இழை மாறிப்போச்சு. பிரிச்சுப் போடவே மாட்டேன்னுட்டாங்க. சின்ன வயசுல என் விரலைப் பிடிச்சு வச்சுக் காட்டுவாங்க. அந்தப் பிழைதான் அத்தை கை."

லூட்கார்ட் காலடியில் இருந்த பையைத் தொட்டாள்; திறக்கவில்லை. சுருக்காத பெரிய படம் அதற்குள் இருந்த கணினியில்தான் இருந்தது. அதில் பூவும் தெரியும், சிங்கமும் தெரியும்.

அப்பா இடது மூலையை மறுபடி மறுபடி விரித்துப் பார்த்தார். கலங்கிய படத்தில் மாறிய இழை தெரியவே இல்லை. பிறகு டேப்லெட்டை அவள் பக்கம் தள்ளினார். கண் நிறைந்திருந்தது.

"இல்லம்மா. இது அத்தை போட்டது இல்ல. எங்கயோ மாத்திட்டாங்க. எவளோ போட்டதுக்கு அவங்க பேரு எதுக்கு? நாளைக்கே போய் அந்தப் பலகையைக் கழட்டச் சொல்லு."