சகாயராணியின் குதிரை மெஸ்

1

வாங்க, பக்கத்தில் வந்து உட்காருங்கள். ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டீர்களா? சரி. குதிரைகளுக்குக் கட்டணப் பலகை எழுதிய ஒருத்தியின் கதையைச் சொல்லப்போகிறேன்.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், இந்தக் கதை எனக்குப் பம்பாயில், செம்பூர் சிக்னலில் கிடைத்தது. ஜிகினாத் துணி போர்த்திய கல்யாணக் குதிரை ஒன்று என் பஸ்ஸை ஒட்டி நின்று கொட்டாவி விட்டது. மாப்பிள்ளையை இறக்கிவிட்டு இது எங்கே போய்ப் படுக்கும் என்று யோசித்தேன். பஸ் கோவண்டி வருவதற்குள் மனதில் ஒரு பெண் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

2

சகாயராணி குளம்புச் சத்தம் கேட்டே வளர்ந்தவள். அவள் அப்பா ரேஸ் குதிரைகளுக்கு...

(இல்லை, இது புளுகு. அடித்துவிட்டேன்.)

சகாயராணி தாராவியில் இருபத்திரண்டு வருடம் மெஸ் நடத்தியவள். அந்தக் கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள் என்றானதும், கையிலிருந்த பணத்தோடு வளையல்களையும் விற்று, கோவண்டியில் காலியாகக் கிடந்த எருமைத் தொழுவத்தை, பம்பாய்ப் பேச்சில் தபேலாவை, வாடகைக்கு எடுத்தாள். அடுத்தவர் குதிரைகளுக்கு இடமும் தீனியும் கொடுக்கும் தொழில். குதிரையைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். குதிரை பார்க்கத் தெரிந்த இரண்டு ஆட்களைச் சம்பளத்துக்கு வைத்துவிட்டாள். வயிறு நிரப்புவது அவளுக்குத் தெரியும்.*

* இந்த வாக்கியத்தில் எனக்கே கொஞ்சம் சந்தேகம்தான். இருந்துவிட்டுப் போகட்டும்.

மூன்று மாதத்துக்குள் தபேலா தன் வாடகையைத் தானே சம்பாதிக்காவிட்டால், மெஸ் காசும் போச்சு, வளையலும் போச்சு.

3

பலகையை அவளே எழுதினாள்:

முழுச் சாப்பாடு (தீனி, குளியல், லத்தி அள்ளுவது) – ஒரு குதிரைக்கு மாதம் ரூ. 12,000
அரைச் சாப்பாடு (தீனி உங்களுது, வேலை எங்களுது) – ரூ. 8,000
இடம் மட்டும் – ரூ. 5,000
லாடம், டாக்டர் தனி.
லீவு நாளுக்குக் காசு இல்லை.

கடைசி வரி அவளாக எழுதியது. மெஸ்ஸில் அதுதான் வழக்கம். சாப்பிடுகிற பையன் ஊருக்குப் போனால் அத்தனை நாளையும் கழித்துவிடுவாள். நானும் கவனிக்காமல் விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் பூசை முடிந்து வந்து பலகையை மாட்டினாள். முதல் ஆளாகக் கரீம் பாட்சா வந்தார். கல்யாண ஊர்வலங்களுக்கு இரண்டு வெள்ளைக் குதிரைகளை வாடகைக்கு விடுகிறவர். பலகையை இரண்டு தடவை படித்துவிட்டு, சட்டென்று இரண்டாயிரத்தை எடுத்து நீட்டினார்.

"யக்கா, பிடிங்க போணிய. வருசம் பூரா என் ரெண்டு குதிரையும் இங்கனதான். முழுச் சாப்பாடு."

சகாயராணி ரூபாயைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பக்கத்தில் நின்ற மகள் ஸ்வீட்டிக்கு ஐரோலியில் கம்ப்யூட்டர் வேலை. தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அவள் கடைசி வரிக்கு வந்து சேர இவ்வளவு நேரமாயிற்று.

"மம்மி, பாகல் ஹை க்யா? பைத்தியமா ஒனக்கு? சீசன்ல இவரு குதிரை டெய்லி வெளியதான போவும்?"

"போவட்டுமே."

"அப்போ டெய்லி லீவு! ஓசிலயா தீனி போடுவ?"

சகாயராணி திரும்பினாள். "பாய்!"

கரீம் பாட்சா தாடியைத் தடவினார். "எழுதுனது நீங்கதானக்கா."

போணிக் காசைத் திருப்பிக் கொடுப்பதா? முதல் ஆளை அப்படி அனுப்பிவிட்டு எந்த பம்பாய்க் கடைக்காரி கல்லாவைத் திறப்பாள்?

4

இங்கே மூன்று நாள் பேனா நகரவில்லை.

முடிவு ஒன்று: அவள் வரியை அழிக்கிறாள், அவர் கோபித்துக்கொண்டு போகிறார். எழுதிப் பார்த்தேன். தபேலாவோடு என் வீடும் வெறிச்சென்றாகிவிட்டது.

முடிவு இரண்டு: கரீம் பாட்சா மனம் இளகி, கேட்டதைக் கொடுத்துவிட்டு... (கேட்க இனிப்பாக இருக்கிறது. ஆனால் இரண்டே குதிரையை வைத்துக் குடும்பம் நடத்துகிறவரை நான் எதற்குத் தியாகியாக்க வேண்டும்?)

அப்புறம் சகாயராணியே பேச ஆரம்பித்தாள்.

"பாய், கல்யாணம் முடிஞ்சு குதிரை எங்க வந்து படுக்கும்?"

"இங்கதான்."

"அப்ப அது லீவு இல்ல, டூட்டி. எங்க மெஸ்ல டூட்டிக்குப் போய்ட்டு வாரவன் ரெண்டு கரண்டி கூடத் திம்பான். அவனுக்கா காசு கழிச்சேன்? பெட்டியத் தூக்கிட்டு ஊருக்குப் போனாத்தான் லீவு. ஒங்க குதிரை எந்த ஊருக்குப் போவுது?"

"அதுக்கு ஏதுக்கா ஊரு!" கரீம் பாட்சா சிரித்துவிட்டார். பிறகு குரல் இறங்கியது. "சரி, சீசன்ல முழுசாத் தாரேன். மழை நாலு மாசம் இந்தப் பக்கம் இந்துக் கல்யாணமே கெடையாது. எனக்கு வரும்படி நின்னுரும், குதிரைக்குப் பசி நிக்காது. சீசன்ல மிச்சம் புடிச்சு மழைக்கு வச்சுக்கலாம்னுதான் அந்த லைன்ல தொங்குனேன்."

சகாயராணி பிரஷ்ஷை எடுத்தாள். வெள்ளை பெயிண்டால் கடைசி வரியை அழித்தாள். பக்கத்தில் புதிதாக, 'மழை மாதம் – ரூ.' என்று எழுதினாள். பிரஷ் அங்கேயே நின்றது.

"ஏழாயிரத்துக்குக் கீழ போனா நம்ம கையக் கடிக்கும் மம்மி," என்றாள் ஸ்வீட்டி.

"அஞ்சுக்கு மேல என்னால முடியாதுக்கா," என்றார் கரீம் பாட்சா.

இரண்டு பேர் சொல்வதும் நிஜம்.

5

நான் இதற்கு மேல் எழுதப்போவதில்லை. கணக்கில் நான் மக்கு. உங்களில் கடை வைத்திருப்பவர்கள் உண்டு, மாதா மாதம் வாடகை கட்டுகிறவர்களும் உண்டு. அந்த இருவர் முகத்தையும் ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு, எண்ணை நீங்கள் போடுங்கள். அவள் பிரஷ்ஷோடு காத்துக்கொண்டிருக்கிறாள்.

மழை மாதம் – ரூ. ________

போட்டுவிட்டீர்களா? நல்லது, கண்ணுகளா. மழை நான்கு மாதமும் உங்கள் வீட்டுக் கூரை ஒழுகாமல் இருக்கட்டும். அடுப்பு ஒருநாளும் சும்மா கிடக்க வேண்டாம். வெளியே போன உங்கள் பிள்ளைகள் எல்லோரும், தண்டவாளத்தில் தண்ணீர் நிற்காமல், ரயில் நடுவழியில் நிற்காமல், பத்திரமாக வீடு வந்து சேரட்டும்.